எனக்கு நினைவில்லாத கோல்

கடற்கரைத் தெரு,
மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஷிஜினுக்கு,

உங்கள் ஜெனிலா எழுதுவது. கடலிலும் கரையிலும் மாதா உங்கள் கூடவே இருக்கட்டும். மாமிக்குச் சுகம், மகனைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள். முற்றத்துத் தென்னையில் இந்தத் தடவை நல்ல காய்ப்பு. என்னைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைசிவரை எழுதத் தலை சம்மதிக்குமோ என்னவோ. அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கல்யாணமான பிறகு நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உங்கள் கூட வலை இழுக்கும் பெனின் சிரித்தான். விடுப்பு முடிந்து பஹ்ரைனுக்குத் திரும்புகிறான், அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். போன் திரையைப் பார்த்தால் என் கண்ணுக்குப் பின்னால் யாரோ ஊசியில் நூல் கோர்க்கப் பார்ப்பதுபோல் இருக்கிறது. வீடியோவில் உங்கள் முகம் அசைந்தால் என் வயிறும் கூட அசைகிறது. அதனால்தான் பாதியில் வைத்துவிடுகிறேன். உங்களைப் பார்க்கப் பிடிக்காமல் வைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். காகிதம் அசையாமல் கிடக்கிறது. அதிலும் நாலு வரி எழுதியதும் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வேன். எழுத்து நேராக இருந்தால் காலையில் எழுதியது. சரிந்து இருந்தால் சாயங்காலம் எழுதியது.

நடந்ததை நீங்கள் பலர் வாயால் கேட்டிருப்பீர்கள். குடியரசு தினக் கால்பந்துக் கோப்பை, கடைசி ஆட்டம். கார்னரிலிருந்து வந்த பந்துக்கு நான் தலை கொடுக்க எம்பிச் சாடினேன். எதிரணியில் இருந்த நெட்டைப் பெண்ணும் சாடினாள். அவள் நெற்றி என் காதுக்கு மேலே வந்து இடித்தது. வலி தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைத்த சத்தம்போல ஒன்று கேட்டது, அவ்வளவுதான். நடுவர் வந்து கேட்டபோது எழுந்து நின்று, எனக்கு ஒன்றுமில்லை சார் என்றேனாம். தொடர்ந்து ஆடினேனாம். கடைசியில் ஜெயிக்க வைத்த கோலைப் போட்டதும் நான்தானாம்.

இந்த இடத்தில் ‘ஆம்’ போடாமல் என்னால் எழுத முடியாது. அந்த கோல் எனக்கு நினைவில் இல்லை. இடித்த சத்தத்துக்குப் பிறகு எனக்குத் தெரிவது, வேனில் உட்கார்ந்திருக்கிறேன், கழுத்தில் மாலை, அதன் சாமந்தி வாசனை தொண்டைக்குள் இறங்குகிறது. எல்லாரும் பாடுகிறார்கள். பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறது. என் காலில் இருந்த பூட்ஸைப் பார்த்து, இதற்கு முடிச்சுப் போட்டது யார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீடுவரை அதையேதான் யோசித்தேன்.

ஊரில் எல்லாரும் அந்த கோலைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் தலையாட்டுகிறேன். இன்னொருத்தியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருக்கிறது.

நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தோம். அதில் ஒன்றும் இல்லை. அது நல்ல செய்தி. ஆனால் ஒன்றும் இல்லை என்பதே எனக்கு வினையாகவும் ஆகிவிட்டது. முதலில் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சு கொண்டுவந்தார்கள். இப்போது வருகிறவர்கள், முகத்தில் ஒரு கீறல்கூட இல்லையே, பின்னே எதுக்கு இந்தக் கிடப்பு என்று மாமியிடம் கேட்கிறார்கள். கட்டுப் போட்டிருந்தால் நம்புவார்கள். ஸ்கூலிலும் லீவை நீட்டிக்க முடியுமா என்று தெரியவில்லை. விளையாட்டு டீச்சருக்கு வெயிலும் விசிலும் ஆகாது என்றால் யார் வேலை கொடுப்பார்கள்?

டாக்டர் மட்டும் நம்பினார். மூளை ஓட்டுக்குள்ளே குலுங்கியிருக்கிறது, அது ஸ்கேனில் தெரியாது, பலருக்குச் சீக்கிரம் சரியாகும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும் என்றார். நாள் முழுக்க இருட்டில் கிடக்காதே, தினமும் கொஞ்சம் நட, தலை போதும் என்று சொல்லத் தொடங்கியதும் நிறுத்திவிடு என்றார். முழுதாகச் சரியாகும்வரை பந்து கூடாது, இதன்மேல் இன்னொரு இடி விழக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

நம் அறை ஜன்னலில் நீங்கள் இடுப்பில் உடுத்தும் நீலச் சாரத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மதிய வெயில் அதற்குள் புகுந்து வந்தால் அறை முழுவதும் நீலமாகிவிடும். சுவர், கட்டில், என் கை எல்லாம் நீலம். கண்ணை மூடினால் ஒரே கனவுதான் வருகிறது. கடல்மேல் ஆட்டம் நடக்கிறது. தண்ணீர்மேல் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறது. எல்லாரும் கணுக்கால் நனையாமல் ஓடுகிறார்கள். பந்து அலையோடு போய்விடுகிறது. யாரும் கவலைப்படவில்லை. திரும்பி வரும் என்று இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். நானும் நிற்கிறேன். கனவில் பயமே இல்லை. விழிக்கும்போதுதான் பயம்.

மாமியைப் பற்றி ஒன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். திருவட்டாறு சந்தையில் மாமி விலை சொன்னால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும் என்பீர்களே, அந்தக் குரல் இப்போது வீட்டுக்குள் வருவதில்லை. மீன் சருவத்தைக் கொல்லையில் இறக்கிவைத்துவிட்டுப் பூனைபோல் நடந்து வந்து, தின்னியா மக்களே என்று காற்றாகக் கேட்கிறார்கள். உங்கள் குரல் பதிவுகளை மாமிதான் வெளியே நின்று கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொல்கிறார்கள். நேரத்துக்குச் சோறு தின்னச் சொன்னான் என்றால் அது மாமியுடைய வார்த்தை. ஒன்னயே நெனச்சிட்டு இருக்கானாம் என்று சொல்லும்போது மாமி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறார்கள். அது உங்களுடையது.

மே மாதம் மாநில முகாம் இருக்கிறது. கூப்பிட்டவர்களில் என் பெயரும் எங்கள் அணி அபினா பெயரும் இருக்கின்றன. அதில் தேறினால் போலீஸ் அணியில் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் பந்து தொட்ட நாளிலிருந்து இதற்குத்தான் ஓடினேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குள் சரியாகிவிடும். சரியாக்கிவிடுவேன். நீங்கள் வீணாகக் கவலைப்பட்டு வலையில் கையை மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அன்பை மறவாத,
ஜெனிலா.


கடற்கரைத் தெரு,
ஜூலை மாதம், மழை.

அன்புள்ள ஷிஜினுக்கு,

கடவுள் உங்களுக்கு நல்ல காற்றும் நல்ல தூக்கமும் தரட்டும். இங்கே விடாத மழை. மீன்பிடித் தடைக்காலம், வள்ளமெல்லாம் கரையேறிக் கிடக்கிறது. வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து வந்து தென்னை உச்சியைத் தொடுகிறது. ஊரே மழையைத் திட்டுகிறது. எனக்கு இதுதான் வசந்தகாலம். வெளிச்சம் குத்தாத வானத்துக்குக் கீழே குடை பிடித்துக் கடற்கரைவரை நடந்துவிட்டு வருகிறேன். மாமி கூட வருவார்கள். அலை வீடுயரம் எழும்பி விழுகிறது. எனக்கு மிக்ஸிச் சத்தம் ஆகாது, குக்கர் விசில் ஆகாது, பிள்ளைகள் பாத்திரம் தட்டினால் ஆகாது. கடல் எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் செய்வதில்லை. ஏன் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

முகாமுக்கு நான் போகவில்லை என்பது தெரிந்திருக்கும். எப்படிப் போகாமல் போனேன் என்பதை நான் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

மே தொடக்கத்தில் நீங்கள் அனுப்பிய குரல் பதிவை மாமி எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அன்று நான் கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருந்தேன், கேட்டுவிட்டேன். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லல்லா, மனச மட்டும் தளர விடாண்டாம்னு சொல்லும்மா, கேம்ப்ல போய் ஓடினா தன்னால சரியாவும் என்று சொன்னீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நான் கேட்க ஆசைப்பட்டதை நீங்கள் சொன்னீர்கள். என் மனசுதான் தளர்ந்திருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டேன்.

மறுநாள் அதிகாலை, வெயில் ஏறும் முன்பே, அபினாவோடு மைதானத்துக்குப் போனேன். மாமியிடம் ஜெபமாலைக்குப் போகிறேன் என்றேன். புல் நனைந்திருந்தது. பூட்ஸைக் கட்டும்போது விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. முதல் சுற்று ஓடினேன். என்ன சுகம் தெரியுமா? காற்று காதில் பேசியது. இரண்டாவது சுற்றில் கோல் கம்பம் ஈரத்துணிபோல் ஆடியது. அபினா பந்தைத் தட்டிவிட்டாள். பந்து இரண்டாகி வந்தது. எது உண்மையான பந்து என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மைதானம் வள்ளம்போல் ஒரு பக்கம் சாய்ந்தது. கோட்டருகே முழங்காலிட்டு வாந்தி எடுத்தேன்.

அபினா ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளிடம் கெஞ்சினேன். கோச்சிடம் சொல்லாதே, முகாமுக்கு இன்னும் நாள் இருக்கிறது, டாக்டர் கடிதம் கேட்டால் ஸ்கேனைக் காட்டிக்கொள்கிறேன் என்றேன். அவள் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு நேராகக் கோச்சிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவளே வந்து சொன்னாள். நான்தான் சொன்னேன் ஜெனி, நீ எனக்கு மிண்டாண்டாம், பேசாண்டாம், ஆனா நீ ஜீவனோட இரி என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உனக்குப் போட்டி ஒருத்தி குறைந்தாள், போ என்றேன். அந்த வார்த்தையை எழுதும்போதே கை கூசுகிறது. அவள் முகாமுக்குப் போனாள், தேறினாள். இப்போது சென்னையில் இருக்கிறாள். கிளம்பும் முன்பு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் கால் நகங்களை வெட்டிவிட்டுப் போனாள். குனிந்தால் எனக்குத் தலை சுற்றும் என்று அவளுக்குத் தெரியும்.

மாமிக்கு விஷயம் தெரிந்த அன்று உங்களுக்கு அனுப்பிய பதிவை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன். ஏலே ஷிஜினே, ஸ்கேன்ல காணல்லண்ணா இல்லண்ணு ஆயிருமாலே? வெள்ளத்துக்கு அடியில பாறை கெடந்தா மேல இருந்து பாத்தா தெரியுமா? வள்ளம் தட்டும்போதுல்லா தெரியும். எனக்க பிள்ளை தட்டி நிக்கா. நீ அங்க இருந்துட்டு ஓடு ஓடுண்ணு சொல்லுத! மாமி இவ்வளவும் திட்டியது ரகசியக் குரலில். அப்படித் திட்டுவதை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எனக்க பிள்ளை என்றார்களே, அது உங்களை இல்லை, என்னை.

அந்தப் பெண்மணிதான் நான் கால்சட்டை போட்டுப் பந்து ஆடுவதை ஊர் பார்க்கக் கூடாது என்று கல்யாணமான புதிதில் முகம் திருப்பிக்கொண்டவர்கள். ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. சென்ற வாரம் என்ன நடந்தது தெரியுமா? மழையில் கரண்ட் போய்விட்டது. வீடு நல்ல அமைதி. நான் மாமியிடம், அந்த கோல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும்போலிருக்கிறது என்றேன். சும்மா சொன்னதுதான். மாமி எழுந்துபோய், போனில் அபினா அனுப்பியிருந்த வீடியோவை அடுக்களையில் வைத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும், கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்த வாசனை வந்தது. பிறகு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

நீ அந்த ஓரத்துல ஒத்தைக்கு நிக்கிய மக்களே. ஒனக்க பக்கத்துல ஆருமில்ல. அபினா பந்தத் தட்டி விடுதா. நீ பந்த பாக்கல்ல, வேற எங்கேயோ பாக்கிய. செரி, விட்டுட்டாண்ணு நெனச்சேன். ஆனா காலு பாத்திட்டு. பந்து தானா வந்து ஒனக்க காலுல ஒட்டிட்டு. அந்த நெட்டச்சி சாடி வந்தா. நீ அவளுக்க கைக்கு அடியில வழுக்கிப் போன, உயிர் விளைமீனு கையில நிக்காம போவும்லா, அதுபோல. பின்ன பைய ஒரு தட்டு. அடிக்கவே இல்ல கேட்டியா, தட்டினதுதான். வலைக்குள்ள போயி விழுந்துட்டு. எல்லாவளும் ஓடிவந்து ஒன்னப் பொக்கித் தூக்கினாளுவ. நீ மட்டும் சிரிக்கல்ல. ஆரையோ தேடினதுபோல பாத்துட்டே இருந்த.

ஆரைத் தேடினேன் மாமி என்று கேட்டேன். மாமி என் பக்கம் திரும்பிப் படுத்தார்கள். அண்ணு நான் அங்க வந்திருந்தா, இடிச்ச ஒடனே களத்துக்குள்ள ஏறி ஒன்னப் பிடிச்சு இருத்தியிருப்பேன் என்றார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். மழை ஓட்டில் பெய்துகொண்டே இருந்தது. அந்த கோல் இப்போது என்னிடம் இருக்கிறது, மாமியின் குரலில். வீடியோ வேண்டாம், இதுபோதும்.

மாமி திட்டிய பிறகு நீங்கள் வெகுநாள் எதுவும் அனுப்பவில்லை. பிறகு ஒரு பதிவு வந்தது. மாமி கேட்டுவிட்டு, போன் கெட்டுப்போச்சு போலிருக்கு, ஒரு பேச்சும் இல்ல, வெள்ளம் அடிக்கிற சத்தம்தான் இருக்கு என்றார்கள். என் காதில் வைத்தார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைப் பிடித்திருக்கிறீர்கள் இல்லையா? படகின் முன்முனையில், அணியத்தில், தண்ணீர் மெல்லத் தட்டுவது கேட்டது. தூரத்தில் யாரோ இருமினார்கள். நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டேன். அதை மட்டும் மாமி திருத்தாமல் கொடுத்தார்கள். தினமும் அதைக் கேட்டுத்தான் தூங்குகிறேன்.

மழையில் இருந்து,
உங்கள் ஜெனிலா.


கடற்கரைத் தெரு,
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள ஷிஜினுக்கு,

பரலோகத்தில் உள்ளவர்களும் பக்கத்து வீட்டில் உள்ளவர்களும் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். பாருங்கள், வேடிக்கையாக எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன். எழுத்தும் பெரும்பாலும் நேராகவே இருக்கிறது.

செப்டம்பரில் நம் கோயில் வானதூதர் மிக்கேல் சம்மனசின் திருவிழா நடந்தது. அதைப் பற்றி ஊரார் உங்களுக்குப் பலவிதமாகச் சொல்லியிருக்கலாம். நடந்தது இதுதான். நம் வீட்டுக்கு எதிரே உள்ள தென்னையில் வருஷாவருஷம் கோளாம்பி ஸ்பீக்கர் கட்டுவார்களே, அதை நினைத்து எனக்கு ஆகஸ்டிலேயே தலைவலி தொடங்கிவிட்டது. கொடியேறினால் பத்து நாள், விடியற்காலையிலிருந்து பாட்டும் ஜெபமும் அறிவிப்பும். மாமி கமிட்டித் தலைவர் ஜான்ரோஸ் அண்ணனிடம் போய்க் கேட்டார்கள். அவர், திருவிழாண்ணா சத்தம் இருக்கும் பேபியக்கா, மருமவள எங்கயாவது உள்நாட்டுல கொண்டு விடுங்க, அவ நடிக்காளா என்னாண்ணு நாட்டுல பேச்சு இருக்கு என்று சொல்லிவிட்டார். நான் திற்பரப்பில் என் சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றேன். மாமி, இது ஒனக்க வீடு என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். நான் வேப்ப மரத்தடியில் தொப்பி போட்டு, காதில் பஞ்சு வைத்து நின்றேன். வழக்கம்போல எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிறகு மாமி எழுந்து நின்றார்கள். பேபியக்கா எழுந்துவிட்டாள், இன்று சண்டைதான் என்று பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டார்கள். மாமி வாயைத் திறந்தார்கள். வந்தது வீட்டுக் குரல். எனக்குத் தின்னியா என்று கேட்கும் அந்தக் காற்றுக் குரல்.

முன்வரிசை, கேக்கல்ல கேக்கல்ல என்றது. மாமி குரலைக் கூட்டவே இல்லை. அக்காவுக்குத் தொண்டை போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். முன்னால் இருந்தவர்கள் குனிந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். சும்மா இரிங்க, என்ன சொல்லுதாண்ணு கேப்போம் என்று ஒருவரை ஒருவர் அடக்கினார்கள். குழந்தைகளும் அடங்கினார்கள். கடல் கேட்டது. வேப்பிலை உதிர்வது கேட்டது. அவ்வளவு அமைதியில் மாமி சொன்னார்கள்: இப்பம் இருக்கே இந்த அமைதி, இதுதான் எனக்க மருமவளுக்கு மருந்து. இந்த ஊருக்குக் கோப்பை கொண்டுவந்தது அவளுக்க தலைதான். திருவிழாவ நிறுத்தாண்டாம். அந்தக் கோளாம்பிய மட்டும் கடலுக்குப் பாத்துத் திருப்பி வைங்க. சம்மனசுக்குக் காது நல்லா கேக்கும்.

யாரும் கை தட்டவில்லை. பூசை வைத்த பாதர் திரும்பி ஜான்ரோஸ் அண்ணனைப் பார்த்தார். ஜான்ரோஸ் அண்ணன் மண்ணைப் பார்த்தார். கொடியேறிய அன்று காலை, அவரே ஆள் கூட்டிவந்து, தென்னையில் ஏறச் சொல்லி, கீழே நின்று, இன்னும் திருப்பு, இன்னும் திருப்பு என்று கையால் சைகை காட்டினார். வாயால் சொல்லவில்லை.

அந்தப் பத்து நாளும் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நான் எப்படிச் சொல்வேன்? ஜெபமாலை கடலுக்குப் போய், தண்ணீரில் நனைந்து, எடை குறைந்து திரும்பி வந்தது. நீலச் சாரத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அருள்நிறைந்த மரியே என்பது அலையா குரலா என்று தெரியாமல் நானும் சேர்ந்து சொன்னேன். கடலில் தொழிலுக்குப் போனவர்கள், இத்தனை வருஷத்தில் இப்போதுதான் திருவிழா எங்களுக்கும் கேட்டது என்றார்கள். தேர்ப்பவனி அன்று சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தேன். தேர் நம் வீட்டைக் கடக்கும்போது மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சம்மனசு ஓசையில்லாமல், பூவும் மெழுகுதிரியுமாக, மிதந்து போனார். அது கனவில்லை என்று தெரிந்துகொள்ள மாமியின் கையைப் பிடித்தேன். கையில் மீன் வாசம் இருந்தது.

இப்போது ஸ்கூலுக்குப் பாதி நாள் போகிறேன். விசில் ஊதுவதில்லை. மஞ்சள் துணி ஒன்றை உயர்த்தினால் பிள்ளைகள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். முதலில் சிரித்தார்கள், இப்போது அதுவே அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இன்னும் தலைவலி வருகிறது. அன்று லீவு சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். சமாதானமாகப் படுக்கக் கற்றுக்கொண்டேன், அதற்குத்தான் இத்தனை மாதமானது.

சென்ற வாரம் பக்கத்து ஸ்கூலோடு ஆட்டம். எங்கள் அணியில் நந்தனா என்று ஒரு பெண், எட்டாம் வகுப்பு, பந்து அவள் காலில் பேசும். கீழே விழுந்து தலையை இடித்துக்கொண்டாள். எழுந்து, எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ் என்றாள். நான் அவளை வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தேன். ஆட்டத்தில் தோற்றோம். அவள் அழுதாள். ஒரு சின்ன தட்டுக்கு எதுக்கு மிஸ் என்று அவள் அப்பா என்னிடம் சத்தம் போட்டார். அவர் சத்தம் என் தலைக்குள் ஆணியாக இறங்கியது. ஆனாலும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை. நந்தனா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவாள். நானும் அபினாவோடு பேச வெகுநாள் ஆயிற்று. இப்போது ஞாயிறுதோறும் அவளுக்கும் கடிதம் போடுகிறேன். அவள் ஆடப்போகும் இடமெல்லாம் எழுதுகிறாள்.

நான் இனிப் போட்டியில் ஆடப்போவதில்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லவில்லை, நானே எடுத்த முடிவு. இதைப் போனில் மாமி வாயால் நீங்கள் கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் அழ வேண்டுமென்றால் அங்கேயே அழுதுவிட்டு வாருங்கள்.

ஜனவரியில் கப்பல்காரர் உங்களை ஊருக்கு விடுகிறார் என்று மாமி சொன்னார்கள். வீட்டில் பெரிய மாற்றம் எதுவும் இருக்காது. நான்தான் கொஞ்சம் மெதுவாக இருப்பேன். சந்தைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன், கடற்கரைக்குக் கூப்பிட்டால் வருவேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவைக்கிறேன். சில நேரம் பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு சொல் என்னைவிட்டுப் போய்விடும். மிகச் சாதாரணமான சொல், கதவு, உப்பு, உங்கள் பெயர்கூட. வாயைத் திறந்தபடி நிற்பேன். பார்ப்பவர்களுக்குப் பாவமாக இருக்கிறது, உடனே ஆளுக்கொரு சொல் எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். கொஞ்சம் நேரமாகும். அது வரும், எப்படியும் வரும். வரும்வரை அங்கேயே நில்லுங்கள், ஷிஜின்.

கடலை அமர்த்தியவர் உங்களைக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்,
ஜெனிலா.